உழைத்த கடிகாரங்களின் விலை

ஒரு நல்ல சுவிஸ் கைக்கடிகாரம் வாங்குவதற்காக நான் ஒதுக்கி வைத்திருந்த தொகை மூவாயிரம் வெள்ளி. இந்தத் துறையைக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். "அந்தக் காசுக்கு ரோலெக்ஸ் பெட்டி கிடைக்கும். உள்ள வாட்ச் இருக்காது" என்றார் நண்பர் ஒருவர். கேலியாகச் சொன்னாலும் அதில் பொய்யில்லை. காலிப் பெட்டிக்கும் பழைய உத்தரவாத அட்டைக்கும் தனியாக ஒரு சந்தையே இருக்கிறது.

ஆகவே பழைய கடிகாரம்தான் என்று முடிவானது. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு தேடினேன். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதிகளில் கூடும் பழம்பொருள் சந்தை, கோலாலம்பூர் அடகுக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள், சிங்கப்பூர் போகும்போதெல்லாம் லக்கி பிளாசா, ஃபார் ஈஸ்ட் பிளாசா என்று சுற்றினேன். கடைக்காரர்கள் கடிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் விலைச்சீட்டைப் பார்ப்பேன். பிறகு இருவரும் வானிலை பற்றிப் பேசுவோம்.

தேடத் தொடங்கிய சில வாரங்களிலேயே ஒன்று உறுத்தியது. ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே பத்தாண்டில் செய்யப்பட்ட இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஓடுகின்றன. ஒன்றின் விலை மற்றதைப்போல் மூன்று மடங்கு. என்ன வித்தியாசம் என்று கேட்டால், விலை கூடியது யாரோ ஒருவரின் அலமாரிக்குள் நாற்பது ஆண்டு தூங்கியிருக்கிறது. மலிவானது கையில் இருந்திருக்கிறது. விலையைக் குறைக்கும் காரணங்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். டயலில் ஈரப்புள்ளி. கேஸின் ஓரங்கள் மழுங்கியிருப்பது. முள் மாற்றியது. சாவி மாற்றியது. உலோகப் பட்டையின் கண்ணிகள் தளர்ந்து தொங்குவது. பின்மூடியில் யாரோ ஒருவரின் பெயர் பொறித்திருப்பது. பக்கத்தைத் திருப்பிப் படித்தபோது அது குறைகளின் பட்டியலாக எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் என்பதற்கான சாட்சியங்கள் அவை. ஒரு கடிகாரம் எந்த அளவுக்குக் கடிகாரமாக வாழாமல் இருந்ததோ அந்த அளவுக்கு அதற்கு விலை.

இது எப்போது, எப்படி இப்படி ஆனது என்பதுதான் என் கேள்வி. ஏனென்றால் இந்தக் கடிகாரங்கள் பிறந்தபோது விற்கப்பட்டது வேறு கதை.

கைக்கடிகாரம் முதலில் ஆண்களுக்கு உரிய பொருளாகவே கருதப்படவில்லை. ஆண்கள் சங்கிலியில் கட்டிப் பையில் வைத்துக்கொண்டார்கள். மணிக்கட்டில் கட்டுவது பெண்களின் நகை. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பைக்குள் கைவிட்டு நேரம் பார்க்க அவகாசமில்லாதபோதுதான் அது ஆண்களின் கைக்குப் பரவலாக ஏறியது. ஜெர்மனியில் பிறந்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1905இல் லண்டனில் கடிகார வணிகத்தைத் தொடங்கி, 1908இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். அவர் விற்க விரும்பியது பகட்டை அல்ல, நம்பகத்தை. 1926இல் தண்ணீர் புகாத ஆய்ஸ்டர் கேஸ் வந்தது. அடுத்த ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அந்தக் கடிகாரமும் அவருடன் போனது. விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அவர் கால்வாயைக் கடந்தது அதற்கு இரண்டு வாரம் முன்பு. அதைச் சிலர் சந்தேகித்ததால் மீண்டும் நீந்தினார். கடிகாரம் உடனிருந்தது இந்த இரண்டாவது நீச்சலில்தான். பத்து மணி நேரத்துக்கும் மேல் குளிர்நீரில் கிடந்தபின் அவரால் அதை முடிக்க இயலவில்லை. கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடியது. விளம்பரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப்பட்டது டியூடர். ரோலெக்ஸின் நம்பகம், ஆனால் அதைவிடக் குறைந்த விலை என்ற கணக்கில் வில்ஸ்டார்ஃப் 1946இல் தனி நிறுவனமாக ஆக்கிய பெயர் அது. கேஸும் சாவியும் ரோலெக்ஸினுடையவை. உள்ளே ஓடும் மெஷின் மட்டும் வெளியில் வாங்கியது. பழைய டியூடரின் பின்மூடியைத் திறந்தால் உட்புறத்தில் ரோலெக்ஸின் பெயர் இருக்கும். 1950களின் தொடக்கத்தில் வந்த டியூடர் விளம்பரங்களைத் தேடிப் பார்த்தேன். அவற்றில் கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் 252 மணி நேரம் கையால் வெட்டிய தொழிலாளி இருக்கிறார். சாலையை உடைக்கும் காற்றழுத்தத் துளைப்பானை 30 மணி நேரம் பிடித்திருந்த தொழிலாளி இருக்கிறார். கல் உடைப்பவர் இருக்கிறார். அவர்கள் கையில் கடிகாரம் தாங்கியது என்பதுதான் செய்தி. அதே காலத்தில் கிரீன்லாந்துக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவுக்கு 26 டியூடர் கடிகாரங்கள் கொடுத்தார்கள்.

அந்தத் துளைப்பான் பிடித்தவர் உண்மையிலேயே அந்தக் கடிகாரத்தை வாங்கக்கூடிய சம்பளம் பெற்றாரா என்பது வேறு விஷயம். விளம்பரம் என்றால் விளம்பரம்தான். ஆனால் உழைக்கும் கை ஒரு கடிகாரத்தின் மதிப்பைக் கூட்டும் என்று ஒரு நிறுவனம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. இன்று அதே கடிகாரத்தை உண்மையிலேயே ஒரு கல் உடைப்பவர் கட்டியிருந்தால், கேஸின் நெளிவுகளைக் காட்டிக் கடைக்காரர் விலையைப் பாதியாக்குவார்.

ஒமேகாவும் அப்படித்தான். 1939இல் அறிமுகமான அதன் முப்பது மில்லிமீட்டர் மெஷின், 1963 வரை ஏறக்குறைய முப்பது லட்சம் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிகாரங்களை ஒமேகா கொடுத்தது. முப்பது லட்சம் செய்யப்பட்ட ஒரு பொருள் எப்படி அரிய பொருளாக முடியும்? முடியாது. மூவாயிரம் வெள்ளிக்காரனுக்கு அங்கேதான் கதவு திறக்கிறது. செம்பு நிறத்தில் மின்னும் அந்த மெஷின் வேலைத்தரத்தில் இன்றைய பல விலையுயர்ந்த கடிகாரங்களுக்குக் குறைந்தது அல்ல. நிறைய செய்யப்பட்டது என்பதால் மட்டுமே அது மலிவு.

மாற்றம் தொடங்கிய நாளைத் துல்லியமாகச் சொல்லலாம். 1969 டிசம்பர் 25. தோக்கியோவில் செய்கோ நிறுவனம் ஆஸ்ட்ரான் என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. விலை நாலரை லட்சம் யென், கிட்டத்தட்ட ஒரு சிறிய காரின் விலை. பத்தே ஆண்டுகளில் அந்தத் தொழில்நுட்பம் சந்தைத் தெருக்களுக்கு வந்துவிட்டது. நேரத்தைச் சரியாகக் காட்டுவது இனி சுவிஸ்காரர்களின் தனிச்சொத்து இல்லை என்றானது. 1970இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறக்குறைய 90,000 பேர் இருந்தார்கள். 1980களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம். ஜூரா மலையடிவார ஊர்களில் ஆலைகள் மூடின. 1983இல் இரண்டு பெரிய கடிகாரக் குழுமங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. அதே ஆண்டு 51 பாகங்கள் மட்டுமே கொண்ட பிளாஸ்டிக் ஸ்வாட்ச் வந்தது.

ஸ்வாட்ச்தான் சுவிஸ் தொழிலைக் காப்பாற்றியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பணக்கணக்கில் அது சரி. ஆனால் நம் கதைக்கு வேண்டியது இன்னொரு பக்கத்தில் நடந்தது. பிளாங்பான் என்ற பழைய பெயர் உறங்கிக் கிடந்தது. ஜான் குளோட் பிவேர் என்பவர் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் அந்தப் பெயரைச் சுமார் 22,000 பிராங்குக்கு வாங்கினார். தாங்கள் குவார்ட்ஸ் செய்ததே இல்லை, செய்யப்போவதும் இல்லை என்று அறிவித்தார். பழையதாக இருப்பதே பெருமை, தேவையற்றதாக இருப்பதே மதிப்பு என்று கடிகாரம் பேசத் தொடங்கியது அப்போதுதான் என்பது என் எண்ணம். 1992இல் அந்தப் பெயர் பல கோடி பிராங்குக்குக் கைமாறியது. 1996இல் பாட்டேக் ஃபிலிப் தன் புகழ்பெற்ற தந்தை மகன் விளம்பர வரிசையைத் தொடங்கியது. கடிகாரத்தை நாம் உடைமையாக்கிக்கொள்வதில்லை, அடுத்த தலைமுறைக்காகப் பாதுகாக்கிறோம் என்ற பொருளில் ஒரு வாசகம் அதில் வரும். அழகான வாசகம்தான். படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்து அடகுக் கடைதான் நினைவுக்கு வந்தது. எத்தனை குடும்பங்களில் அப்பாவின் கடிகாரம் மகனிடம் போகும் வழியில் அங்கே இறங்கிவிட்டது!

'ஆடம்பரக் கடிகாரம்' என்று நாம் இன்று சொல்வது பெரும்பாலும் இந்த நாற்பது ஆண்டுக் கதை. கடிகாரங்கள் அதைவிட வயதானவை.

இனி இந்த மண்ணுக்கு வருகிறேன். தோட்டத்தில் தொழிலாளிக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. நேரம் துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. விடியும் முன் மணியடித்தால் பெரட்டுக்குப் போக வேண்டும். மணி எத்தனை என்று தெரிந்து தொழிலாளி என்ன செய்யப்போகிறார்? ரயில்வே, பொதுப்பணித் துறை, துறைமுகம், ஆஸ்பத்திரி என்று வேலைக்குப் போனவர்களின் கையில்தான் கடிகாரம் முதலில் ஏறியது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் என்ற வழக்கம் பிறகு வந்தது. ஜப்பானியர் காலத்தை நினைவுகூரும் பெரியவர்கள் சிப்பாய்கள் கைக்கடிகாரத்தையும் பேனாவையும் பிடுங்கிக்கொண்டதைச் சொல்வதுண்டு.

இந்த நாட்டில் ஓடிய கடிகாரத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. முள்ளை ஊரே சேர்ந்து திருகிய நாட்கள் இங்கே பல. 1905இல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முந்திய பொதுநேரம். 1933இல் அதோடு இருபது நிமிடம். 1941இல் இன்னொரு பத்து நிமிடம். 1942இல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னால். போர் முடிந்ததும் பழையபடி. கடைசியாக 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குத் தீபகற்ப மலேசியாவில் எல்லோரும் முள்ளை அரை மணி நேரம் தள்ளி 1982க்குள் நுழைந்தார்கள். சிங்கப்பூரும் அப்படியே செய்தது. 1960களின் கடிகாரம் ஒன்று இங்கேயே இருந்திருந்தால் அந்த இரவில் யாரோ ஒருவரின் விரல் அதன் சாவியை இழுத்திருக்கும். எந்த உத்தரவாத அட்டையிலும் இதெல்லாம் பதிவாவதில்லை.

அடகுக் கடையைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழர்கள் வட்டித் தொழில் என்றதும் செட்டியார்களை நினைப்போம். அவர்கள் பெரும்பாலும் கடன் கொடுத்தது பத்திரத்தின் மேலும் நிலத்தின் மேலும். வளையலையும் வாட்சையும் வாங்கிக்கொண்டது சீனர்களின் அடகுக் கடைகள். சிங்கப்பூரில் அத்தொழிலில் ஹக்கா சமூகத்தவர் முன்னின்றார்கள். மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் அடகுச் சட்டப்படி மாதம் இரண்டு விழுக்காடு வட்டி, மீட்க ஆறு மாதம். பள்ளி திறக்கும் மாதத்தில் போன கடிகாரம் தீபாவளிக்குள் திரும்பவில்லை என்றால் திரும்பாது. இன்று கண்ணாடிப் பெட்டியில் நாம் பார்க்கும் பழைய கடிகாரங்களில் ஒரு பகுதி இப்படி மீட்கப்படாதவை. சிங்கப்பூரில் 2017 ஜூலையில் மூடப்பட்ட சுங்கை ரோடு சந்தையிலும் தரையில் விரித்த துணியில் இப்படிப்பட்டவை கிடந்தன.

நம் தட்பவெப்பம் கடிகாரத்துக்கு எதிரி. வியர்வையும் ஈரக்காற்றும் சாவி வழியாக உள்ளே போய் டயலைப் புள்ளி புள்ளியாக்கும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று உரிமையாளர் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோவார். அவர் டயலைக் கழற்றிப் பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடித்து எழுத்துகளை மறுபடி அச்சிட வைத்துத் தருவார். இதைத்தான் சேகரிப்பாளர்கள் 'ரீடயல்' என்று சொல்லி முகம் சுளிக்கிறார்கள். ஒரு ரீடயல் கடிகாரத்தின் விலை சரிபாதிக்கும் கீழே போகும்.

இங்கே எனக்கு ஒரு வாதம் இருக்கிறது. தன் கடிகாரம் கல்யாண வீட்டில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று 1975இல் டயலை மாற்றியவர் யாரையும் ஏமாற்றவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போல அதைச் செய்தார். செய்து கொடுத்தவரும் நேர்மையாக வேலை செய்தார். விற்பதற்காக நேற்று அச்சடித்த டயல் வேறு. இணையத்தில் இந்தியாவிலிருந்து வரும் நீலமும் ஆரஞ்சுமான 'அந்தக்கால' ஃபேவர் லூபாக்களைப் பாருங்கள். அந்த நிறுவனம் அப்படி ஒரு டயலை ஒருபோதும் செய்திருக்காது. பல கடிகாரங்களின் உதிரிகளை ஒன்றாக்கி, எது கிடைத்ததோ அந்த மெஷினைப் போட்டு, மேலே பெயரை அச்சிட்டு அனுப்புகிறார்கள். பெங்களூரில் 1961இல் சிட்டிசன் உதவியோடு தொடங்கிய எச்எம்டியின் ஜனதாவுக்கும் இதே கதி. சாதாரண மனிதருக்காகச் செய்த கடிகாரத்துக்குப் போலிப் பழமை பூசும் நிலை! இருநூறு வெள்ளிக்கு அழகாக இருக்கிறதே என்று வாங்குபவர்களைத் தடுக்கமாட்டேன். ஆனால் அதை வரலாறு என்று நினைத்து வாங்காதீர்கள்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு பூதக்கண்ணாடி போதும். மூல டயலில் எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். ரீடயலில் மை கொஞ்சம் கசிந்திருக்கும், ஆறு மணிக்குக் கீழே உள்ள 'சுவிஸ்' என்ற சொல் நகர்ந்தோ காணாமலோ இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் முள்ளில் ஒளிர்வது டிரிடியம். அதற்கும் முந்தியது என்றால் ரேடியமாக இருக்கலாம், மூடியை வீட்டில் திறந்து விளையாட வேண்டாம். 1920களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரேடியம் டயல் தீட்டிய பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கியே நோயில் விழுந்தார்கள். 1928இல்தான் அவர்களில் ஐந்து பேருக்கு வழக்கில் சமரசத் தொகை கிடைத்தது. கடிகாரத்தில் உழைத்த கை வெளியே மட்டும் இல்லை.

'மூலம்' என்ற சொல்லுக்காக உயிரைவிடும் பணக்காரச் சந்தைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957ஆம் ஆண்டு மாடல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று முப்பது லட்சம் பிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அது பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டது என்று தெரியவந்தது. தன்னிடம் வேலை பார்த்த மூவருக்கு இதில் பங்குண்டு என்று நிறுவனமே அறிவித்தது. செய்த நிறுவனத்தாலேயே கண்டுபிடிக்க முடியாததை நான் அம்கார்ப் மாலில் மேசை விளக்கொளியில் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லமாட்டேன். அதனால்தான் மலிவான கடிகாரத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஈரப்புள்ளி விழுந்த டயலைப் போலியாகச் செய்து யாரும் லாபம் பார்க்கப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணத்தையும் மறைக்கக்கூடாது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேட்டோனா 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் பின்மூடியில் அவருடைய மனைவி பொறிக்க வைத்த வாசகம் இருந்தது. ஆக, பின்மூடியில் எழுத்து இருப்பது குறை இல்லை. யாருடைய கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

நான் கடைசியில் வாங்கியதும் எழுத்துள்ள கடிகாரம்தான். ஸ்டீல் கேஸ், கையால் சாவி கொடுக்கும் ஒமேகா, அதே முப்பது மில்லிமீட்டர் மெஷின். எண் பத்தொன்பது மில்லியனில் இருந்தது. சேகரிப்பாளர்களின் அட்டவணைப்படி 1960களின் தொடக்கம். டயலில் மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே பழுப்புப் புள்ளிகள், சாவி வழியாக இறங்கிய ஈரம். பின்மூடியில் தலைப்பெழுத்துகளுடன் ஒரு தமிழ்ப் பெயர், அதன்கீழே இருபத்தைந்து ஆண்டு சேவைக்காக என்ற ஆங்கில வாசகம், 1937–1962. நிறுவனத்தின் பெயரையும் அவருடைய பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை.

சந்தைக்காரர் சீனப் பெரியவர். மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். சொன்ன விலை இரண்டாயிரத்து அறுநூறு. நான் பின்மூடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்ததை வேறு மாதிரி புரிந்துகொண்டார்போலும்.

"பெயர் பிடிக்கலயா? பாலிஷ் போட்டா போயிடும். அம்பது வெள்ளி. டயலும் புதுசா பண்ணித் தரேன், இருநூத்தம்பது."

"அப்படியே இருக்கட்டும் அங்கிள்."

"பெயர் இருந்தா திரும்ப விக்கிறது கஷ்டம், பார்த்துக்கோ."

"அப்ப விலையைக் குறைங்க."

சிரித்துவிட்டார். இரண்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.

அந்த ஆண்டுக்கணக்கைப் பற்றி எனக்கு இப்போதும் யோசனை ஓடுகிறது. 1937இலிருந்து 1962 என்றால் சரியாக இருபத்தைந்து. நடுவில் 1942 முதல் 1945 வரை மூன்றரை ஆண்டு ஜப்பானியர் ஆட்சி. தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுச் செத்த காலம். அந்த ஆண்டுகளையும் ஒருவருடைய சேவைக்கணக்கில் விடாமல் சேர்த்து எழுதியிருக்கிறது ஒரு பின்மூடி. இப்படி ஓர் ஆவணத்தைப் பாலிஷ் போட்டு எடுக்க ஐம்பது வெள்ளிதான் ஆகும்.

கிள்ளானில் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பேனா மூடியைவிடச் சிறிய கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். மெஷின் அதே செம்பு நிறத்தில் இருந்தது. மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்னக் குறிகளைக் காட்டினார். சர்வீஸ் செய்பவர்கள் தங்களுக்காகப் போட்டு வைக்கும் அடையாளம். ஐந்து குறிகள், ஐந்தும் வேறு வேறு கை. இரண்டில் ஆண்டு படிக்க முடிந்தது: 71, 84.

"பதிமூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சாலும் நல்லா வச்சிருந்திருக்காங்க தம்பி. டயல மாத்தச் சொல்லலியே யாரும்?"

"சொன்னாங்க. நான் வேணாம்னுட்டேன்."

"மாத்தினா நல்லாத்தான் இருக்கும்" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவருக்கு அந்த வேலை தெரியும்.

சர்வீஸ் முந்நூற்று எண்பது வெள்ளி. மெயின் ஸ்பிரிங் மாற்ற வேண்டியிருந்தது, கண்ணாடி அப்படியே இருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனபோது நாளுக்கு நாற்பது விநாடி முந்துகிறது, இந்த வயதுக்கு அது பரவாயில்லை என்றார். மூடுவதற்கு முன் ஊசியை எடுத்து மற்ற ஐந்துக்கும் கீழே தன் குறியைக் கீறினார்.

"காலையில எழுந்ததும் சாவி கொடுத்துடுங்க, தினமும் ஒரே நேரத்துல. தண்ணி மட்டும் படக்கூடாது. மழை வந்தா கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குங்க."